பெட்டியில் படுத்தவர் சிரிக்க வேண்டும்

காலை ஐந்து நாற்பது. முதலில் கண்ணில் பட்டது வெள்ளையாக ஏதோ ஒன்று. கொக்கு என்று நினைத்தேன். சொட்டுத் தண்ணீர் இல்லாத கண்மாயில் கொக்குக்கு என்ன வேலை என்று அடுத்த நொடி தோன்றியது.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் சாலையை விட்டு இரண்டு மைல் உள்ளே இருக்கிற கண்மாய் அது. கரைமேல் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். கிழக்கு வெளுத்திருந்தது, சூரியன் வரவில்லை. நல்ல மழை பெய்த வருடத்தில் ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் இடத்தில், வெடித்த மண்மேல், ஒரு முதியவர் பாதிரியார் அங்கியோடு வெறுங்காலில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைக்காரர். கையில் ஒரு கம்பு. கம்பால் மண்ணை மூன்று முறை தட்டினார். பிறகு சீமைக்கருவேல மரங்களைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.

பேசியது தமிழ் என்பது பிடிபடச் சற்று நேரம் ஆயிற்று.

“நாப்பது வருசம் இந்தத் தண்ணியக் குடிச்சிருக்கேன்” என்றார். அடுத்த வரிக்கு வாயைத் திறந்தார். வரவில்லை. மறுபடி மூன்று தட்டு, மறுபடி அதே வரி, மறுபடி அதே இடத்தில் நின்றார். எங்கோ ஒரு மயில் அகவியது. அவர் அந்தத் திசையில் திரும்பி, சக நடிகருக்குச் சொல்வதுபோலத் தலையைச் சாய்த்து ஒரு வணக்கம் சொன்னார்.

போன வாரம் இந்தப் பத்தியில் என் முதல் செய்தி ஆசிரியரின் சிவப்புப் பேனாவைப் பற்றி எழுதியிருந்தேன். பார்த்ததை முதலில் எழுது, கேள்விப்பட்டதைப் பிறகு எழுது என்பது அந்தப் பேனா போட்ட விதி. பார்த்ததை எழுதிவிட்டேன். இனி, கேள்விப்பட்டது.

அவர் பெயர் அர்மான் பெலில். கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக் பகுதிக்காரர். மேடை, வானொலி, தொலைக்காட்சி, சினிமா என்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நடித்தவர். எங்கள் கரிசல் காட்டுக்கு வந்தபோது வயது எழுபத்தாறு.

நான் மதுரையில் பத்திரிகை வேலை முடித்து அருப்புக்கோட்டைக்குத் திரும்பியிருந்த புதிது. யாழினி என்ற இளம் இயக்குநர், ஆங்கிலமும் இந்தப் பக்கத்துப் பேச்சும் தெரிந்த ஒருவரைத் தேடிக்கொண்டு வந்தார். மான்ட்ரியலில் இரண்டு வருடம் சினிமா படித்தவர். அங்கே அர்மானை மேடையில் பார்த்துவிட்டு, அவரை மனத்தில் வைத்தே ஒரு கதை எழுதியிருந்தார். வெளிநாட்டிலிருந்து வந்து இந்த வறண்ட காட்டில் நாற்பது வருடம் கிடந்த ஒரு பாதிரியாரின் கதை. அந்தப் பாதிரியார் புத்தகத் தமிழ் பேசக் கூடாது. நரிக்குடிச் சந்தையில் கேட்கிற தமிழ் பேச வேண்டும். அதை அர்மானுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை.

முதல் நாள் ஆறு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இருபது நிமிடம் முன்னதாகப் போனேன். அவர் எனக்கும் முன்னால் வந்திருந்தார்.

ஆற்றின் மேல் நடப்பவர்கள்

வெள்ளைக்காரர் யாரைப் பார்த்தாலும் நம்மவர்கள் பனியைப் பற்றித்தான் கேட்பார்கள். டீ கொண்டுவந்தவர் கேட்டார். வேன் டிரைவர் கேட்டார். அர்மான் அலுக்காமல் பதில் சொன்னார். ஆனால், கரிசலில் அவருக்குத் தன் ஊரை ஞாபகப்படுத்தியது வெடித்த பருத்தியின் வெள்ளை அல்ல, மத்தியானம்.

கோடையில் பகல் ஒரு மணிக்கு எங்கள் தெருக்களில் நாய்கூட இருக்காது. வெயில் ஆட்களை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கும். தன் ஊரில் கடுங்குளிர் மாதத்துப் பகல் ஒரு மணியும் இப்படித்தான் இருக்கும் என்றார். அதே ஆளில்லாத தெரு, அதே சாத்திய கதவுகள், தூரத்தில் விடாமல் ஓடும் ஓர் எந்திரம். அவர் ஊரில் அது காகித ஆலை. அருப்புக்கோட்டையில் விசைத்தறி.

“நாங்கள் சில மாதம் ஆற்றின் மேல் நடப்போம். நீங்கள் பல மாதம் குளத்துக்குள் நடக்கிறீர்கள்” என்றார் ஒருநாள், கண்மாயின் நடுவே என்னோடு நடந்துகொண்டு. “தண்ணீர் திரும்பி வரும்வரை அதன் இடத்தைப் பார்த்துக்கொள்கிறோம்.”

அவருடைய அப்பாவுக்கு ஆற்றில்தான் வேலை. வெட்டிய மரங்கள் மிதந்து ஆலைக்கு வரும். அவை சிக்கிக்கொள்ளாமல் தள்ளிவிட வேண்டும். ஆணி பதித்த பூட்ஸோடு, உருளும் மரத்தின் மேலேயே நடப்பாராம். நீந்தத் தெரியாது. தெரியாது என்பது அம்மாவுக்குத் தெரியும். அதைப் பற்றி இருவரும் கடைசிவரை பேசிக்கொண்டதில்லை.

பள்ளிக்கூடம் பாதிரியார்கள் நடத்தியது. கிறிஸ்துமஸ் நாடகத்தில் இவருக்குச் சத்திரக்காரர் வேடம். பிள்ளைத்தாய்ச்சியோடு வந்து நிற்பவரிடம் ஒரே வரி சொல்ல வேண்டும்: இங்கே இடமில்லை. எட்டு வயது அர்மான் அந்த வரியை அவ்வளவு பணிவாக, கண் கலங்கச் சொல்லியிருக்கிறார். கூடம் முழுக்கச் சிரிப்பு. அடி விழப்போகிறது என்று நினைத்தார். விழவில்லை. அடுத்த வருடம் பெரிய வேடம் கிடைத்தது.

சளி பிடித்திருந்ததா?

பதினெட்டு வயதில் மான்ட்ரியலுக்குப் பஸ் ஏறினார். முதல் வேலை வானொலி நாடகத்தில், குதிரை ஓடுகிற சத்தம் கொடுப்பது. அதற்குத் தேங்காய்ச் சிரட்டை இரண்டு. தேங்காய்க்குள் தின்ன ஏதோ இருக்கும் என்பது தனக்கு ரொம்ப நாள் தெரியாது என்றார். எங்கள் ஊர்ச் சமையற்காரர் சட்னிக்குத் தேங்காய் உடைக்கும்போதெல்லாம் அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டதைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு மேடை. பழைய பிரெஞ்சு நகைச்சுவை நாடகங்களில் ஏமாறுகிற தகப்பன், ஏமாற்றுகிற வேலைக்காரன். பிறகு தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் ஒன்பது வருடம் கிராமத்து டாக்டர். மளிகைக் கடைக்குப் போனால் வரிசையில் நிற்கும் கிழவிகள் நாக்கை நீட்டிக் காட்டுவார்கள். அவரும் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்புவார்.

முப்பத்தொரு வயதில் பாரிஸிலிருந்து சினிமா வாய்ப்பு வந்தது. இரண்டாவது நாயகன். ஊரே கொண்டாடியது. படம் எடுத்து முடித்த பிறகுதான் தயாரிப்பாளர் சொன்னார்: முகம் அருமை, பேச்சுதான் இடிக்கிறது. கியூபெக் பிரெஞ்சுக்கு ஓர் இழுப்பு உண்டு. பாரிஸ்காரர்களுக்கு அது பட்டிக்காடு. இவரிடம் சொல்லாமலேயே பாரிஸ் நடிகர் ஒருவரை வைத்துக் குரலை மாற்றிவிட்டார்கள். பேசியது பிரெஞ்சு. மாற்றியதும் பிரெஞ்சுதான்.

படம் இவருடைய ஊருக்கு வந்தபோது அம்மாவை முதல் காட்சிக்கு அழைத்துப் போனார். அம்மா நல்ல கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். மகன் திரையில் வாயைத் திறந்தபோது வேறு ஓர் ஆள் பேசினான். அம்மா படத்தைக் கடைசிவரை பார்த்தார். வெளியே பனியில் நடக்கும்போது மெல்லக் கேட்டார்: “உனக்கு அப்போது சளி பிடித்திருந்ததா?”

ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து எந்த ஒப்பந்தத்திலும் ஒரு வரி சேர்ப்பார். எந்த மொழியானாலும் குரல் தன்னுடையதாக இருக்க வேண்டும். யாழினியின் ஒப்பந்தத்திலும் அந்த வரி இருந்தது. யாழினி அதற்கு ஒரு நிபந்தனை வைத்திருந்தார். கண்மாய்க்கரையில் ஊர் கூடி நிற்க, பாதிரியார் தன்னைத் திருப்பி அழைத்த தலைமைக்குக் கட்டுப்படாமல், நான் போகமாட்டேன் என்று பேசுகிற காட்சி. மூன்று நிமிடம். அதை ஒரே ஷாட்டில், அங்கேயே ஒலிப்பதிவு செய்ய வேண்டும். முழுசாக வந்தால் அவர் குரல். துண்டு துண்டாக எடுத்தால் ஒலி ஒட்டாது. சென்னையில் ஒருவர் டப்பிங் பேசுவார். அர்மான் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார்.

பக்கத்து அறை

மூன்றாம் நாள் இட்லி சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார். சொற்கள் அழிந்துபோகவில்லை, பக்கத்து அறையில்தான் இருக்கின்றன, சத்தம்கூடக் கேட்கிறது, கதவு எந்தச் சுவரில் என்பதுதான் சில சமயம் தெரிவதில்லை என்றார். இரண்டு வருடத்துக்கு முன் மான்ட்ரியல் மேடையில் ஒரு நிமிடம் நின்றுவிட்டார். அதைப் பெரிய நடிப்பு என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. அத்தோடு மேடையை விட்டுவிட்டார். டாக்டரிடம் போனார். மகளுக்கு மட்டும் தெரியும்.

“நீங்கள் பத்திரிகைக்காரர்” என்றார்.

எழுதமாட்டேன் என்றேன். எழுதவில்லை. இப்போது எழுதுவது அந்த மகளின் சம்மதத்தோடு.

காதுக்குள் வைக்கிற சின்னக் கருவியில் நான் வரிகளைச் சொல்லிப் பார்த்தோம். ஜெபம் செய்யும்போது பக்கத்து ஆள் பேசுவதுபோல இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். பலகையில் எழுதிக் காட்டினால் கண் அங்கே போவது கேமராவில் தெரிந்தது. ஆக, மனப்பாடம்தான். பிரெஞ்சு எழுத்தில் தமிழை எழுதிய நோட்டு ஒன்று எப்போதும் கையில் இருக்கும். விடியற்காலையில் கண்மாய்க்குள் போவார். மூன்று தட்டுத் தட்டுவார். பிரெஞ்சு மேடையில் திரை விலகுவதற்கு முன் தரையில் அப்படித் தட்டுவது வழக்கமாம். முதல் வரி வரும். இரண்டாம் வரி பாதி நாள் வராது.

இரண்டாம் வரி இது: “எங்க ஆத்தா செத்த சேதி இந்தக் கரையில வச்சுத்தான் எனக்கு வந்துச்சு.”

அவருடைய சொந்த அம்மா இறந்த சேதி ஒப்பனை அறையில் வந்தது. வெளியூர் நாடகம், அரங்கு நிறைந்திருந்தது. அன்றைக்கு ஏமாறுகிற தகப்பன் வேடம். முழு நாடகமும் நடித்துவிட்டுத்தான் ரயில் ஏறினார். நன்றாகச் சிரித்தார்கள் என்றார்.

பஞ்சவர்ணம்

கூட்டக் காட்சிகளுக்கு அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள். அவர்களில் பஞ்சவர்ணத்துக்கு ஐம்பது வயது இருக்கும். கொடை, பொங்கல் என்று ஊர்த் திருவிழாக்களில் போடும் நாடகங்களில் ஸ்திரீபார்ட், ராணி வேடக்காரி. பங்குனி, சித்திரையில் ஒருநாள்கூடச் சும்மா இருக்கமாட்டார். மற்ற மாதங்களில் சினிமாக்காரர்கள் வந்தால் இப்படி வருவார்.

அந்த நாடகங்களைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒத்திகை கிடையாது. ராஜா வேடக்காரர் மதுரையிலிருந்து ஒரு பஸ்ஸில் வருவார். கோமாளி காரியாபட்டியிலிருந்து இன்னொரு பஸ்ஸில். மேடையில்தான் முதல் தடவை சந்திப்பார்கள். எதிரே நிற்பவர் எதை மறப்பார், எங்கே இழுப்பார் என்பது அங்கே நின்றுதான் தெரியும்.

அர்மானின் மூன்று தட்டை முதலில் கவனித்தவர் பஞ்சவர்ணம்தான். என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். சொன்னேன். “அப்ப இவுகளும் நம்ம தொழில்தானா” என்றார். அதற்குப் பிறகு அவரைச் சாமி என்றுதான் சொல்வார். மற்றப் பெண்களும் அப்படியே சொல்லத் தொடங்கினார்கள்.

பெட்டிக்குள்

சினிமாவில் கதை வரிசைப்படி எடுப்பதில்லை. பாதிரியார் சாகிற காட்சி முதலில் வந்தது. போகமாட்டேன் என்று பேசும் காட்சி மறுநாள் சாயங்காலம்.

உடைமரத்து நிழலில் சவப்பெட்டி. அர்மான் அதில் இரண்டு மணி நேரம் படுத்திருந்தார். ஓர் ஈ அவருடைய உதட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து போனது. உதடு அசையவில்லை. சுற்றி உட்கார்ந்து பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். பஞ்சவர்ணம் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் தொடர்ந்தார்கள். அழச் சொன்னால் அழுவதும் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவதும் அவர்களுக்கு வராது. கட் சொன்ன பிறகும் ஐந்து நிமிடம் ஓடியது. ஒலிப்பதிவாளர் காதிலிருந்து கருவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டியைக் குழிக்குள் இறக்குவதற்கு உதவி இயக்குநர் ஆங்கிலத்தில் கயிறு கேட்டார். அர்மான் பெட்டிக்குள்ளிருந்து சடக்கென்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். பிரெஞ்சு மேடையில் அந்தச் சொல்லை உச்சரிக்கக் கூடாதாம். சொன்னால் அன்றைக்கு நாடகம் விளங்காது. தமிழில் கயிறு என்று சொல்லலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, விதிக்குத் தமிழ் தெரியாது, சொல்லலாம் என்றார்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், தொழில் விதிகளை இவ்வளவு நம்புகிற அந்த மனிதரை நான் அப்போதே சரியாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

நம் சினிமாவிலும் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவரை அங்கேயே எழுப்பி, சிரிக்கச் சொல்லி ஒரு போட்டோ எடுப்பார்கள். சிரித்துவிட்டால், செத்தது கழிந்தது. நாடகத்திலும், செத்து விழுந்த வேடக்காரர் எழுந்து கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக் கும்பிட்ட பிறகுதான் வேடம் கலைப்பார். அன்றைக்குப் போட்டோகிராபர் யாரையோ கூட்டிவர மதுரை விமான நிலையத்துக்குப் போயிருந்தார். செல்போனில் எடுக்கலாம் என்றார் பஞ்சவர்ணம். படப்பிடிப்பு இடத்தில் செல்போனுக்குத் தடை. நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார் உதவி இயக்குநர்.

பெண்கள் வேனில் ஏறவில்லை. வெயில் இறங்குகிற நேரம். இருபது பேர் வேன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

“உசுரோட இருக்க ஆளுக்கு அழுதிருக்கோம்ண்ணே” என்றார் பஞ்சவர்ணம் என்னிடம். “சிரிக்காம எந்திரிச்சுப் போறாக. நாளைக்கு ஒண்ணுன்னா எங்க வாயத்தான் சொல்லுவாக.”

அர்மான் என்னைப் பார்த்து, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். வயதானவர், ஏற்கெனவே பயந்து கிடப்பவர். உங்கள் நடிப்பைத்தான் பாராட்டுகிறார்கள் என்று சொல்லிவிட்டேன்.

அவர் பெண்களைப் பார்த்து நெஞ்சில் கைவைத்துக் குனிந்து நன்றி சொன்னார். அவர்கள் இன்னும் பயந்துபோய் வேனில் ஏறினார்கள். முப்பது வருடம் செய்தி எழுதியவன் நான்.

மூன்று தடவை

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணி. கரைமேல் இருநூறு பேர். நல்ல வெளிச்சம் ஒரு மணி நேரம்தான் இருக்கும். கண்மாய்க்குள் கானல் இன்னும் போகவில்லை. தூரத்தில் தண்ணீர் நிற்பதுபோலவும் அதில் கருவேல மரங்கள் தலைகீழாக அசைவதுபோலவும் தெரிந்தது.

அர்மான் கம்பால் மூன்று தட்டுத் தட்டினார்.

முதல் தடவை இரண்டாம் வரியில் நின்றார். இரண்டாம் தடவையும் அங்கேயே. மூன்றாம் தடவை அந்த வரியைத் தாண்டிக் குதித்துக் கடைசி வரிக்குப் போய்விட்டார். தானே கையைத் தூக்கி நிறுத்தினார். யாழினி வெளிச்சத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு தடவை எடுப்போம் என்றார். அதற்கும் வராவிட்டால் துண்டு துண்டாக என்பதைச் சொல்லவில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் வேறு லென்ஸ் தயாராவதை அர்மானும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

அவர் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். பெண்கள் பக்கம் முணுமுணுப்பு. அது என்னவென்று கேட்டார். இந்த முறை உள்ளதைச் சொன்னேன். சிரிக்கும் போட்டோ வழக்கம், நேற்று அதை எடுக்காதது, நான் மாற்றிச் சொன்னது, எல்லாவற்றையும்.

நோட்டை மூடி என் கையில் கொடுத்தார்.

“நேற்றிலிருந்து என்னைச் செத்தவனாகவே வைத்திருக்கிறீர்கள்” என்றார். குரலை உயர்த்தவில்லை. “ஒரு நடிகனிடம் இதை மறைக்கலாமா?”

போட்டோ எடுத்த பிறகுதான் அடுத்த ஷாட் என்று யாழினிக்குச் சொல்லியனுப்பினார். வெளிச்சம் போகிறது என்று பதில் வந்தது. போகட்டும் என்றார்.

போட்டோகிராபர் வந்தார். அர்மான் கேமராவைப் பார்த்து உதட்டை விரித்தார். நாற்பது வருடம் நகைச்சுவை நடித்தவருக்குச் சிரிப்பு வரவில்லை. பல் தெரிந்தது, அவ்வளவுதான். பெண்கள் தலையை ஆட்டினார்கள், இது செல்லாது.

அப்போது பஞ்சவர்ணம் கூட்டத்திலிருந்து கரையை விட்டுக் கண்மாய்க்குள் இறங்கினார். ஒருவர் கையிலிருந்த கம்பை வாங்கிக்கொண்டார். சேலையைக் கணுக்காலுக்கு மேல் செருகி, முதுகைச் சற்று வளைத்து, வெடிப்பில் கால் படாமல் கொக்குபோல எடுத்து எடுத்து வைத்து நடந்தார். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த நடை அது. நின்றார். கம்பால் மூன்று தட்டு. கருவேல மரத்தைப் பார்த்து நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றார். எதுவும் வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து, மரம் அடியெடுத்துக் கொடுக்கும் என்று எதிர்பார்ப்பவர்போலக் காதை மரத்தின் பக்கம் சாய்த்தார்.

இருநூறு பேரும் அர்மானைத் திரும்பிப் பார்த்தார்கள். அர்மானின் பயத்தையே அவர் முன்னால் போட்டு உடைத்தாகிவிட்டது.

அர்மான் சிரித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு சத்தம் வந்தது, கண்ணில் நீர் வழிந்தது. ஊரும் சேர்ந்து சிரித்தது. போட்டோகிராபர் எடுத்துக்கொண்டே இருந்தார்.

“போதும் சாமி. எந்திரிச்சாச்சு” என்றார் பஞ்சவர்ணம்.

கேட்டவர்

நாலாம் தடவை. மூன்று தட்டு.

“நாப்பது வருசம் இந்தத் தண்ணியக் குடிச்சிருக்கேன்.”

அதே இடத்தில் நின்றார்.

சிரித்ததால் சொல் திரும்பி வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். வரவில்லை. அவர் கண் பக்கத்து அறையைத் தேடிக்கொண்டிருந்தது. நான் நோட்டை இறுகப் பிடித்திருந்தேன். யாழினியின் கை பாதி உயர்ந்துவிட்டது.

“ஏன் சாமி” என்று ஒரு குரல், வசனமே கொடுக்கப்படாத கூட்டத்திலிருந்து. “அங்க உங்க ஆத்தா இருக்காகளா?”

அர்மான் திரும்பினார். அவருக்குத் தெரிந்த தமிழ் நான் சொல்லிக்கொடுத்த அளவுதான்; ஆத்தா அதில் இருந்தது. பஞ்சவர்ணத்தைப் பார்த்தார். “மமான்” என்றார், தனக்குள். பிரெஞ்சில் அம்மாவைக் கூப்பிடுகிற சொல். பிறகு தமிழ் வந்தது.

“எங்க ஆத்தா செத்த சேதி, இந்தக் கரையில வச்சுத்தான் எனக்கு வந்துச்சு. நான் அழுகல. நீங்க அழுதீக.”

யாழினியின் கை அந்தரத்திலேயே நின்றது. அர்மான் பேசிக்கொண்டே போனார். எங்கள் ஊர் இழுப்பும் அவருடைய ஊர் இழுப்பும் கலந்த ஒரு தமிழ். நடுவில் இன்னொரு தடவை தடுமாறினார். பஞ்சவர்ணம் அவசரப்படவில்லை. மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, “அப்ப கடைசியில எங்கதான் சாமி எடம்?” என்று கேட்டார்.

“எடம் பாத்து வச்சிட்டேன்” என்றார் அர்மான். கம்பை நீட்டிக் காட்டினார். “அந்தா, அந்த மரத்தடி.”

முந்தின நாள் அவருக்குக் குழி தோண்டிய இடம் அது. வெளிச்சம் அந்த நேரம் தேன் நிறத்தில் இருந்தது. கட் என்று சொல்ல யாழினிக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

பிறகு யாழினி பஞ்சவர்ணத்திடம் வந்து, உங்களைப் பேசச் சொன்னது யார் என்று கேட்டார். கோபமா இல்லையா என்று தெரியாத குரல்.

“யாரும் சொல்லலம்மா. சாமி நின்னுட்டாக. நின்னா கேக்கத்தான செய்வோம்.”

வேன் வரும்வரை நான் பஞ்சவர்ணத்தோடு உட்கார்ந்திருந்தேன். வரியை அப்படியே எடுத்துக் கொடுத்திருக்கலாமே என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். “எடுத்துக் குடுத்தா மறந்தது வெளிய தெரியும்ண்ணே. கேட்டுட்டா, அது கதையாப் போகும். பஸ்ஸுல வந்த ராஜா நிக்கிறப்ப ராணி என்ன செய்வா? மகாராசா, அந்தக் காட்டுல என்ன நடந்துச்சும்பா. அவுக சொல்லித்தான ஆகணும்.” அடுத்த வரியில் ஆத்தா வருவது எப்படித் தெரியும் என்றேன். காலையில் சாமி பாடம் செய்வதைக் கேட்டிருக்கிறோமே என்றார்.

அர்மான் ஊருக்குப் புறப்படுவதற்கு முன் அவரிடம் கம்பைக் கொடுத்துவிட்டுப் போனார். பஞ்சவர்ணம் அதை ஆடு விரட்டவே வைத்திருக்கிறார். நல்ல கம்பு என்றார்.

மத்தியானக் காட்சி

படம் வருவதற்கு இரண்டு மாதம் முன்னால், அங்கே குளிர்காலத்தில், அர்மான் இறந்துபோனார். மகள் மின்னஞ்சலில் தெரிவித்திருந்தார். கடைசி மாதங்களில் பெயர்கள் போய்விட்டன. எங்கள் நோட்டை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு கண்மாய், கண்மாய் என்று சொல்லிக்கொண்டிருப்பாராம். அது என்ன என்று கேட்டிருந்தார். எழுதினேன். அவர்கள் ஊர்ப் பத்திரிகையில் வந்த மரணச் செய்தியையும் அனுப்பியிருந்தார். அதில் போட்டிருந்த படத்தில், பாதிரியார் அங்கியில், கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

அருப்புக்கோட்டையில் படம் ஒரு வாரம் ஓடியது. மத்தியானக் காட்சிக்குப் பஞ்சவர்ணத்தோடு போனேன். வெளியே தெருவில் யாரும் இல்லை. உள்ளே முப்பது பேர் இருக்கலாம். கண்மாய்க்கரைக் காட்சி வந்தபோது அவர் முறுக்குப் பொட்டலத்தை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்று தட்டு படத்தில் இல்லை, வெட்டியிருந்தார்கள். மமான் இருந்தது. தன் குரல் வந்தபோது அவர் அசையவில்லை. சாமியின் கடைசி வரி முடிந்ததும் என் பக்கம் சாய்ந்து, “எடம்கிறத நல்லாச் சொல்லிட்டாக” என்றார்.

படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் உட்கார்ந்திருந்தோம். திரையில் பெயர்கள் ஓடின. பின்னணிக் குரல் கொடுத்தவர்கள் என்ற தலைப்பின் கீழ், ஆயருக்கு ஒருவர், அவருடைய செயலாளருக்கு ஒருவர், வெள்ளைக்கார டாக்டருக்கு ஒருவர் என்று ஆறு பெயர் வந்தது.

பாதிரியாருக்கு எவர் பெயரும் இல்லை.